எடுக்காத குழை

வீரையடிக்குளத்தில் ஒருவன் காட்டுக்குள் போயிருக்கிறானா, திரும்பிவிட்டானா என்று அறிய அந்தக் காலத்தில் அவன் வீட்டுப் படலையைத் தட்ட வேண்டியதில்லை. குளக்கட்டு முடிந்து வண்டிப்பாதை காட்டுக்குள் நுழைகிற இடத்தில் ஒரு கல் நின்றது. ஆளுயரம், அரை ஆள் அகலம், தலையில் ஒரு பிளவு. உள்ளே போகிறவன் இலையோடு ஒரு குழையை முறித்து அந்தப் பிளவில் செருகி, 'பிள்ளையாரே, போட்டு வாறன்' என்று சொல்லிவிட்டுப் போவான். பொழுதுபட வெளியே வரும்போது தன் குழையைத் தன் கையாலேயே எடுத்து எறிவான். கட்டினவன்தான் எடுக்க வேண்டும். அப்பன் கட்டியதை மகன் தொட்டாலும் குற்றம். மாலையில் மாடு சாய்த்து வருகிறவர்கள் கல்லை ஒரு தரம் பார்ப்பார்கள். குழை ஒன்று மிஞ்சி நின்றால் உள்ளே ஆள் ஒன்று மிஞ்சி நிற்கிறது. பிறகு கூக்குரல்தான், ஆளனுப்பல்தான்.

வீட்டுக்கு வீடு குழையும் வேறு. தேனெடுக்கிற ஐயாத்துரை பாலைக் குழை கட்டுவார். எருமைப்பட்டிக் கலந்தர் காயாங்குழையில் மரநாரைச் சுற்றி இரட்டை முடிச்சுப் போடுவார். அவர் முல்லைத்தீவுச் சோனகர். பிள்ளையாரிடம் சொல்லாமல் அல்லாவிடம் சொல்லிவிட்டுப் போவார். ஆனால் குழை கட்டாமல் ஒருநாளும் போனதில்லை. யாழ்ப்பாணத்திலிருந்து குடியேறி வந்தவர்கள் முதல் வருஷம் இதையெல்லாம் பார்த்துச் சிரித்தார்கள். இரண்டாம் வருஷம் அவர்களில் ஒருவர் விறகுக்குப் போய், ஒரு பகல் முழுக்க ஒரே பாலைமரத்தை ஏழு தரம் சுற்றி வந்த பிறகு, அவர்களும் வளவு வேம்பில் ஒரு குழை முறித்துக்கொண்டு போகப் பழகினார்கள்.

பரமலிங்கம் மட்டும் பழகவில்லை. அவனுக்குக் காட்டுக்குள் வேலை இல்லை. புலோலியிலிருந்து வந்து நாலு வருஷம். குளத்துக்குக் கீழே மூன்று ஏக்கர் வயல், மேட்டில் ஒரு மண்வீடு, மனைவி இராசமலர். அவனுக்கு உள்ள வேலையெல்லாம் அந்தக் கல்லோடுதான். இரண்டு வருஷத்துக்கு முன் நில அளவைக்கு வந்த ஒருவர் கல்லின் கீழ்ப்பாதியில் எழுத்துகள் இருப்பதைக் கண்டு எழுதிப்போட, புதைபொருள் பகுதியிலிருந்து கனகலிங்கம் என்ற இளம் உத்தியோகத்தர் ஜீப்பில் வந்து இறங்கினார். எழுத வாசிக்கத் தெரிந்தவன், வீடும் கிட்ட என்று பரமலிங்கத்தைக் கல்லுக்குக் காவலாக, வோச்சராகப் போட்டார். ஒரு காக்கிச் சட்டை, ஒரு கொப்பி, நிலத்தில் நட ஒரு பலகை. சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி விடான் என்பதுபோல, உத்தியோகத்தர் சொல்லாத சட்டங்களையும் பரமலிங்கம் தானாகச் சேர்த்துக்கொண்டான். கல்லடியில் வெற்றிலை துப்பக்கூடாது. கல்லில் சாய்ந்து நின்று கதைக்கக்கூடாது. ஆடு வந்தால் ஆட்டுக்கும் பேச்சு விழும்.

ஆனால் அவன் அந்தக் கல்லை விரும்பினான். அதைச் சொல்லாமல் விடுவது அநியாயம். மத்தியானம் வயலால் வந்து அதன் நிழலில் குந்தியிருப்பான். வெயில் சரியும்போது எழுத்துகளின் பள்ளத்தில் நிழல் விழும். அதுவரை வெறுங்கல்லாய் இருந்தது வாய் திறக்கப்போவதுபோலத் தெரியும். விரலை ஒரு எழுத்துக்குள் விட்டு இழுப்பான். வளைந்து போய் ஒரு கோட்டில் முடியும். யார் இழுத்த கோடு, எந்தப் பின்னேரத்தில் இழுத்தது, அவனுக்கும் வீட்டில் ஒருத்தி சோறு வைத்துக்கொண்டு இருந்தாளா என்றெல்லாம் நினைப்பு ஓடும். நினைப்பு ஓட ஓடச் சோளகக் காற்றில் கண் சொருகும். இராசமலர் வந்து கூப்பிட்டால்தான் எழும்புவான்.

அந்த வருஷம் ஆனி மாதம் கனகலிங்கத்திடமிருந்து கடிதம் வந்தது. போன தரம் வந்தபோது கல்லில் எண்ணெயும் கற்பூரப் புகையும் இலை குழையும் கிடந்ததாம். ஈரம் தேங்கிப் பாசி பிடித்து எழுத்துக் கரைகிறதாம். இந்த முறை வரும்போதும் அப்படியே இருந்தால் கல்லைப் பெயர்த்துக் கொழும்பு நூதனசாலைக்கு ஏற்றத் தான் சிபாரிசு செய்ய வேண்டியிருக்கும் என்று எழுதியிருந்தார். செவ்வாய்க்கிழமை காலையில் வருவார்.

பரமலிங்கம் கடிதத்தை இராசமலருக்கு இரண்டு தரம் வாசித்துக் காட்டினான். கல் போனால் வோச்சர் வேலை போகும் என்பது அவளுக்கு விளங்கியது. கல் போனால் இவன் என்ன ஆவான் என்பது அதைவிட நன்றாக விளங்கியது.

செவ்வாய் விடிய அவன் ஈர்க்குமாறும் ஓலைக் கடகமும் எடுத்துக்கொண்டு போனான். பனிபோல ஒரு மெல்லிய புகார் குளத்தின் மேல் கிடந்தது. கல்லடியில் வழிப்போக்கர் போட்ட சருகும் சுள்ளியும் முழங்காலளவு குவிந்திருந்தன. கூட்டிக் கடகத்தில் அள்ளி, வேலியோரம் விறகு போடுகிற இடத்தில் கொண்டுபோய்க் கொட்டினான். மூன்று கடகம் போனது; நாலாவது நிரம்பி நின்றது. பிறகு பிளவைப் பார்த்தான். அதில் ஒரேயொரு காயாங்குழை. பச்சை மாறாத இலை, மரநார், இரட்டை முடிச்சு.

கலந்தர் நானா விடியமுன்னமே உள்ளே போய்விட்டார் என்று அவனுக்கு உடனே தெரிந்தது. கட்டினவன்தான் எடுக்க வேண்டும் என்பதும் தெரியும். ஆனால் தூரத்தில் ஜீப் இரைகிற சத்தம் கேட்டது. எடுத்து வைத்துவிட்டு, ஐயா போனதும் திரும்பச் செருகிவிடலாம், நானா எப்படியும் பொழுதுபடத்தானே வருவார் என்று நினைத்தான். குழையை எடுத்துக் கடகத்தில் இருந்த சருகின்மேல் பக்குவமாக வைத்தான். ஓட்டமும் நடையுமாகப் போய் அந்தக் கடைசிக் கடகத்தையும் வேலியோரம் வைத்தான். திரும்பி வருவதற்குள் ஜீப் வந்து நின்றது. பின்னால் வந்த இராசமலர் கடகம் வேண்டுமென்று, உள்ளே பாராமலே அதையும் குவியலில் கவிழ்த்துக்கொண்டு போனதை அவன் காணவில்லை.

கனகலிங்கம் ஒல்லியான மனுஷன். ஜீப்பை அவரே ஓட்டி வந்தார். சாரதி சுகமில்லையாம். வவுனியாவிலிருந்து மன்னார்க் கரை வரைக்கும், இந்தப் பக்கம் முல்லைத்தீவுக் கடல் வரைக்கும் அவர் ஒருவர்தான். இறங்கியதும் கல்லைச் சுற்றி வந்து பார்த்தார், முகம் மலர்ந்தது.

"இப்பிடியெல்லோ வைச்சிருக்கோணும், பரமலிங்கம்," என்றார்.

அந்த ஒரு வார்த்தையில் பரமலிங்கத்துக்குத் தலை கிறுகிறுத்தது. காயாங்குழை அந்தக் கிறுகிறுப்பில் மெல்லக் கரையத் தொடங்கியது.

கல்லெழுத்துக்குப் படியெடுக்க வேண்டும் என்றார் கனகலிங்கம். தன்னோடு வர வேண்டிய ஆள் இல்லாததால் பரமலிங்கம் கைகொடுக்க வேண்டியிருந்தது. குளத்துத் தண்ணீர் அள்ளி வந்து மெல்லிய தூரிகையால் கல்லைக் கழுவினார்கள். பசையில்லாத வெள்ளைத் தாளை நனைத்துக் கல்லின்மேல் பரப்பினார்கள். ஒரு விரற்கடை காற்றுக்கூட உள்ளே நிற்காமல் தடவினார்கள். பிறகு தடித்த மயிர்த் தூரிகையால் தாளின்மேல் அடிக்க வேண்டும். பலமாக அல்ல, விடாமல். அடிக்க அடிக்கத் தாள் எழுத்தின் பள்ளத்துக்குள் இறங்கும்.

அந்தத் தூரிகையைக் கனகலிங்கம் பரமலிங்கத்தின் கையில் கொடுத்தார்.

அவன் அடித்தான். டப், டப், டப் என்று ஒரே தாளமாய்ப் பகல் போனது. கை உளைந்தது தெரியவில்லை. காயப்போகும் தருணம் பார்த்துக் கனகலிங்கம் துணிப் பொட்டலத்தில் கறுப்பு மை தோய்த்து ஒற்றினார். ஒற்றிய இடம் கறுத்தது. பள்ளம் மட்டும் வெள்ளையாய் நின்றது. ஒரு எழுத்து, பிறகு பக்கத்தில் இன்னொன்று, இருட்டுக்குள் இருந்து ஒவ்வொருவராய் முற்றத்துக்கு வருகிறவர்கள்போல. பரமலிங்கத்துக்கு மூச்சுவிடப் பயமாக இருந்தது. இரண்டு வருஷமாய் விரலால் தடவிய கோடுகள் இப்போது முகம் காட்டின. உலகத்தில் அந்தத் தாளைத் தவிர வேறு ஒன்றும் இல்லை. வயல் இல்லை, பசி இல்லை. கலந்தரும் இல்லை.

என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டான். பழைய பிராமி எழுத்து, இரண்டாயிரம் வருஷமாவது இருக்கும், பாதி தேய்ந்து போய்விட்டது, வருஷக்கணக்காய் இருந்து வாசிக்க வேண்டும் என்றார் கனகலிங்கம். பிறகு வேலை முடிந்த அலுப்பில் தன்பாட்டிலேயே கதைத்தார். இந்தக் காட்டுப் பக்கத்தில் இப்படி அறுபது இடம் தனக்குத் தெரியும் என்றும், எட்டுக்குத்தான் வோச்சர் இருக்கிறான் என்றும் சொன்னார். ஓரிடத்தில் தூணை உடைத்து மதகு கட்டிவிட்டார்கள். இன்னோரிடத்தில் செங்கல்லைக் கிளப்பிக் கிணறு கட்டிவிட்டார்கள். புதையல் தோண்டுகிறவர்கள் ஒரு பக்கம். தான் நட்ட பலகையையே கழற்றி ஆட்டுக்கொட்டிலுக்குக் கூரை போட்டவரும் உண்டு. வழக்குப் போட்டால் ஊர் முழுக்கத் தன்னைப் பகைக்கும்; போடாவிட்டால் கல் போய்விடும்.

"நான் கல்லைக் கொண்டுபோறன் எண்டு எழுதினது ஆசையிலை இல்லை, பரமலிங்கம். எனக்கு வேறை வழி தெரியேல்லை. அங்கை ஒரு கூரைக்குக் கீழை எண்டாலும் இருக்கும்."

கல் இனி இங்கேயே இருக்கலாமா என்று பரமலிங்கம் பயந்து பயந்து கேட்டான். இப்படியே துப்புரவாய் இருந்தால் இருக்கலாம் என்றார். அன்று மாலை மாடு சாய்த்து வந்தவர்கள் கல்லைப் பார்த்தார்கள். குழை இல்லை. எல்லாரும் வந்தாயிற்று என்று போய்விட்டார்கள்.

கனகலிங்கம் அன்று குடியேற்றக் கொலனிப் பள்ளிக்கூடத்தில் தங்கி, புதன்கிழமையும் இரண்டாவது படி எடுத்தார். மத்தியானம் பரமலிங்கத்தின் வீட்டில்தான் சாப்பாடு. இராசமலர் நாட்டரிசிச் சோறும் முருங்கையிலை வறையும் விரால் குழம்பும் வைத்திருந்தாள். கடைசியில் தயிர் இல்லாததற்கு அவள் வெட்கப்பட்டாள். கலந்தர் நானா நேற்றும் தயிர் கொண்டுவரவில்லை, இன்றும் கொண்டுவரவில்லை. அவர் மனைவி ஸுஹறா மகளின் பிள்ளைப்பேற்றுக்காக முல்லைத்தீவுக்குப் போயிருந்தார். பேரப்பிள்ளை பிறந்திருக்கும், அவரும் பார்க்கப் போயிருப்பார் என்று இராசமலர் சொன்னாள்.

பரமலிங்கத்தின் வாய்க்குள் போன சோறு அங்கேயே நின்றது. ஏதோ ஒன்றை எங்கேயோ வைத்துவிட்டு மறந்ததுபோல இருந்தது. என்னவென்று பிடிபடவில்லை. படியின் கறுப்பும் வெள்ளையும் அவன் கண்ணுக்குள் இன்னும் மிதந்துகொண்டிருந்தன. சாப்பிட்டுவிட்டு மறுபடி கல்லடிக்குப் போனான்.

பின்னேரம் தேத்தண்ணிக்கு அடுப்பு மூட்டச் சுள்ளி எடுக்கப் போன இராசமலர்தான் கண்டாள். காய்ந்த சருகுக்கு நடுவில் ஒரு குழை. இலை வாடியிருந்தது, ஆனால் இன்னும் காயவில்லை. மரநாரில் இரட்டை முடிச்சு. காட்டுக்கு விறகுக்குப் போய் வருகிற அவளுக்கு அது யாருடையது என்று தெரியும். கையில் எடுத்துக்கொண்டு நடந்தே வந்தாள். ஓடவில்லை. கல்லடியில் இருவரும் தாளைச் சுருட்டிக்கொண்டு நின்றார்கள். அவள் குழையைப் புருஷனுக்கு முன்னால் நீட்டினாள்.

"இது எப்ப எடுத்தனீங்கள்?"

பரமலிங்கத்தின் கையிலிருந்த தாள் சுருள் விரிந்து நிலத்தில் ஓடியது. நேற்று விடிய என்று சொன்னான்.

கனகலிங்கம் என்ன நடந்தது என்று கேட்டார். இராசமலர் அவருக்குச் சொன்னாள். குழை எதற்கு, யார் எடுப்பது, மிஞ்சினால் என்ன அர்த்தம் என்று ஆறுதலாக, பிள்ளைக்குச் சொல்வதுபோலச் சொன்னாள். கடைசியில்தான் அவளுக்குக் குரல் உடைந்தது.

"ரெண்டாயிரம் வரியத்து எழுத்தை வாசிக்கிறதெண்டு ரெண்டு நாளாய் நிக்கிறியள், ஐயா. நேற்றுக் கட்டின குழையை வாசிக்க உங்களிலை ஒருத்தருக்கும் தெரியேல்லை. உங்களைக் குறை சொல்லேல்லை. நீங்கள் ஊரான் இல்லை. இவருக்குத் தெரியும்."

ஐயாத்துரையைக் கூட்டிவர ஆள் போனது. அவர் கோடாலியோடு வந்தார். ஆனால் முதலில் நம்பவில்லை. நேற்றும் இன்றும் தானே கல்லைப் பார்த்ததாகவும், குழை இல்லையென்றால் ஆள் இல்லை என்றும், தன் காலத்தில் இதில் ஒரு பிழையும் வந்ததில்லை என்றும் சாதித்தார். இராசமலர் காயாங்குழையைக் காட்டினாள். ஐயாத்துரை முடிச்சைப் பார்த்தார். பரமலிங்கத்தின் முகத்தைப் பார்த்தார். கைகளை வாய்க்குக் குவித்துக் கூ வைத்தார். கொலனி முழுக்கக் கேட்டது.

பத்துப் பேர் உள்ளே போனார்கள். அவசரத்திலும் ஒவ்வொருவரும் ஒரு குழை செருகிவிட்டுத்தான் போனார்கள். சுத்தமாய்க் கழுவித் துடைத்த கல்லின் தலையில் சரசரவென்று பத்துக் குழை. கனகலிங்கம் தடுக்கவில்லை. கலந்தரின் குழையை என்ன செய்வதென்று தெரியாமல் பரமலிங்கம் கையில் வைத்துக்கொண்டு நின்றான்.

"எடுத்த பொருளை எடுத்த இடத்திலை வையுங்கோ," என்றார் கனகலிங்கம். "அதுதான் எங்கடை முறை."

அவன் அதைப் பிளவில் செருகினான். பக்கத்தில் தன் பெயருக்கு முதல் தடவையாக ஒரு வேப்பங்குழையைச் செருகினான். உள்ளே போனான்.

வெயில் சாய்கிற நேரத்துக் காடு அவனுக்குப் புதிது. பாலைப்பழக் காலம். பொன்மஞ்சளாய்ப் பழுத்தது நிலமெல்லாம் விழுந்து கிடந்து, காற்றே தித்தித்தது. கொஞ்சத் தூரம் போனதும் முன்னால் போகிறவர்களின் சத்தம் பின்னால் கேட்டது. பின்னால் வருகிறவர்களின் சத்தம் மரத்தின் மேலிருந்து கேட்டது. எல்லா மரமும் முன்பே பார்த்த மரம். 'நானா' என்று கத்தினான். காடு அந்தச் சொல்லை வாங்கி வைத்துக்கொண்டது. இரண்டு பொழுது இதற்குள் ஒருவர் இருந்திருக்கிறார், நான் தாளில் மை காய்வதைப் பார்த்துக்கொண்டிருந்தேன் என்ற நினைப்பு வந்தபோது நின்றுவிட்டான். ஐயாத்துரை பின்னால் வந்து தோளைப் பிடித்து நடத்தினார். இருட்டுகிறதென்று எல்லாரையும் வெளியே கூட்டி வந்ததும் அவர்தான். ஆனை இறங்குகிற நேரம், தேடப் போனவர்களையும் தேட ஏலாது என்றார். கல்லடியில் பதினொரு குழை இறங்கியது. ஒன்று நின்றது.

வியாழன் விடிய மறுபடி போனார்கள். நாவல்மோட்டை என்கிற சிறு குட்டைக்கு அருகில் எருமை ஒன்று கனைப்பது கேட்டது. போய்ப் பார்த்தால் கலந்தரின் நெற்றிச்சுட்டி எருமை, காலடியில் தள்ளாடும் இளங்கன்றோடு நின்றது. கன்று போடப்போகும் எருமை பட்டிக்கு வரவில்லை என்று தேடித்தான் அவர் தனியே வந்திருக்கிறார். பத்து முழம் தள்ளிப் பாலைமரத்தின் கீழ் கலந்தர் கிடந்தார். சேறு காய்ந்து இறுகிய ஆனை அடிப் பள்ளம் ஒன்றில் கால் போய், முழங்காலுக்குக் கீழே எலும்பு முறிந்திருந்தது. அங்கே இருந்து குட்டைக்கும் மரத்துக்குமாய் இழுபட்டிருக்கிறார். தாடியில் பாலைப்பழப் பால் ஒட்டிக் காய்ந்திருந்தது. கால் கறுத்து வீங்கியிருந்தது. உடம்பு அனலாய்க் கொதித்தது. ஆனால் உயிர் இருந்தது. பரமலிங்கம் அவர் பக்கத்தில் குந்தி, வாய்விட்டு அழுதான்.

அவர் கண்ணைத் திறந்து ஒவ்வொருவராய்ப் பார்த்தார். யாரென்று தெரிய நேரம் எடுத்தது.

"நீங்கள் நெசமோ?" என்று கேட்டார்.

நெசம்தான் என்று ஐயாத்துரை சொல்லி, சுரைக்குடுவையால் தண்ணீர் பருக்கினார். நேற்றுப் பின்னேரம் கூப்பிட்டது கேட்கவில்லையா என்று கேட்டார்.

"கேட்டது. கனவிலை எண்டு நினைச்சுக் கிடந்தன். எத்தினை கனவு."

இரண்டு தடிக்கு நடுவில் சாக்குக் கட்டி அவரைத் தூக்கினார்கள். நாலு பேரில் ஒருவனாய்ப் பரமலிங்கம் தலைமாட்டில் தோள் கொடுத்தான். அதனால் கலந்தர் சொன்ன ஒவ்வொரு சொல்லும் அவன் காதுக்கு நேரே வந்தது. காய்ச்சலில் சொன்னதானாலும் கோர்வையாய்ச் சொன்னார்.

"முதல்நாள் நான் குளறேல்லை. என்னத்துக்குக் குளறுறது? குழை கட்டியிருக்கு, பொழுதுபடப் பாப்பினம், வருவினம். வீணாய்த் தொண்டையைக் காயப்பண்ணுவான் ஏனெண்டு பேசாமல் கிடந்தன். பழம் விழுந்துகொண்டு இருந்தது. எருமை கன்று போட்டது. நல்லாத்தான் இருந்தது. பொழுது பட்டுது. ஒருத்தரும் வரேல்லை."

நடை தளராமல் நடந்தார்கள். ஒருவரும் ஒருவர் முகத்தைப் பார்க்கவில்லை.

"பிறகுதான் யோசிச்சன், குழையைக் கட்டினனானோ எண்டு. கட்டினது கைக்கு ஞாபகமாய் இருக்கு. ஆனால் கனவிலையும் கட்டினனான். நேற்று முழுக்க அதுதான் யோசினை. வயசுபோட்டுது, அறளை பேந்து புத்தி தடுமாறிட்டுது, கட்டாமல் வந்திட்டன், இனி ஒருத்தரைக் குறை சொல்ல ஏலாது எண்டு முடிவு பண்ணிப்போட்டன்."

கல்லடியில் ஜீப்பைக் கொண்டுவந்து நிறுத்தி, பின் இருக்கையில் வைக்கோல் பரப்பி வைத்திருந்தார் கனகலிங்கம். முல்லைத்தீவு ஆஸ்பத்திரிக்குத் தானே கொண்டுபோவதாகச் சொன்னார். இராசமலர் துணி நனைத்து வைத்துக்கொண்டு நின்றாள். ஏற்றப்போகும் நேரம் கலந்தர் கையைத் தூக்கி, தன்னைக் கல்லுக்குக் கிட்டக் கொண்டுபோகச் சொன்னார். கொண்டுபோனார்கள். எட்டிப் பிளவுக்குள் கைவிட்டார். காயாங்குழை அங்கே இருந்தது. மரநார், இரட்டை முடிச்சு. இலை சுருண்டு கிடந்தது.

அவர் முகம் பிள்ளைமுகமாய் மாறியது. "இருக்குது," என்றார். "எனக்கு அறளை இல்லை. நான் கட்டினனான்."

கொஞ்ச நேரம் அதைத் தடவிக்கொண்டிருந்தார். பிறகு மெல்ல நிமிர்ந்து, சுற்றி நின்ற ஊரைப் பார்த்தார். ஐயாத்துரையைப் பார்த்தார்.

"அப்ப, கண்டும் வரேல்லையோ?"

பத்து வருஷம் ஒன்றாய்க் காடு நடந்த மனுஷனுக்கு முன் ஐயாத்துரை திருடன்போலத் தலைகுனிந்து நின்றார். யார் எடுத்தது என்று ஒருவருமே சொல்லவில்லை. கட்டினவன்தான் எடுக்க வேண்டும் என்பதுபோல, செய்தவன்தான் சொல்ல வேண்டும் என்று இருந்துவிட்டார்கள்.

பரமலிங்கம் பேசாவிட்டால் இந்தக் கிழவர் இனி ஒருநாளும் ஊரை நம்பமாட்டார். பேசினால் தன்னை நம்பமாட்டார்.

"நானா," என்றான். "அவை காணேல்லை. இது அங்கை இருக்கேல்லை. செவ்வாய்க்கிழமை விடிய நான்தான் எடுத்தனான். பச்சைக் குழை, உங்கடை குழை எண்டு தெரிஞ்சுதான் எடுத்தனான். ஐயா போனாப்போலை வைப்பம் எண்டு நினைச்சன். பிறகு மறந்துபோனன். நேற்றுப் பின்னேரம்தான் திருப்பிக் கொண்டுவந்து வைச்சது."

கலந்தர் அவனைப் பார்த்தார். கோபமா, களைப்பா என்று சொல்ல முடியாத பார்வை. தயிர் கொண்டுவந்து படலையில் நின்று கூப்பிடுகிறவர் பார்த்த பார்வை அல்ல. தூரத்தில் நிற்கிற ஒருவனை அடையாளம் காண முயல்கிறதுபோல இருந்தது.

"கல்லிலை ஒண்டும் இருக்கப்படாதெண்டு எழுதினது நான்," என்றார் கனகலிங்கம். "அந்தக் குற்றம் என்ரை."

கலந்தர் அவர் பக்கம் திரும்பவில்லை. குழையைப் பிளவிலிருந்து உருவி மார்பில் வைத்து முடிச்சை அவிழ்த்தார். அவிழ்த்த நாரை மறுபடி சுற்றினார். இரண்டு முடிச்சுப் போட்டார். அதற்கே வெகுநேரம் எடுத்தது. ஒருவரும் கைகொடுக்கத் துணியவில்லை. பிறகு கையை நீட்டி, அதைப் பிளவிலேயே திரும்பச் செருகினார்.

"நான் இன்னும் வெளியிலை வரேல்லை, பரமலிங்கம்," என்றார். "ஆஸ்பத்திரியாலை வந்து என்ரை கையாலை எடுப்பன். இல்லாட்டி எடுக்கமாட்டன். அதுவரைக்கும் நீ இதுக்குக் காவல் இரு."

ஜீப்பில் ஏற்றினார்கள். கனகலிங்கம் ஸ்டார்ட் பண்ணப் போனவர், இறங்கி வந்து கல்லையும் குழையையும் ஒரு தரம் பார்த்துவிட்டு, தான் எழுதிய கடிதத்தைத் திருப்பித் தரும்படி கேட்டார். பரமலிங்கம் காக்கிச் சட்டைப் பையால் எடுத்துக் கொடுத்தான். அவர் அதை மடித்து வைத்துக்கொண்டு போய்விட்டார். புழுதி அடங்கியது. ஆட்கள் தங்கள் தங்கள் குழையை எடுத்துக்கொண்டு வயலுக்கும் பட்டிக்கும் கலைந்தார்கள். ஐயாத்துரை எருமையையும் கன்றையும் கூட்டிவரத் திரும்ப உள்ளே போனார்.

இராசமலர் சாப்பிட வரச் சொல்லிக் கூப்பிட்டாள். பரமலிங்கம் வரவில்லை. சோளகம் கிளம்பிக் குழையை ஆட்டத் தொடங்கியிருந்தது. அவன் எழும்பிப் போய், காற்று வருகிற பக்கமாய் முதுகைக் காட்டிக்கொண்டு கல்லோடு ஒட்டி நின்றான்.